அறுபது டிகிரிக்கு மேல் வேண்டாம்

தவமணி மூன்றாம் பாரத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை நிறுத்தியவள். பினாங்கின் பாயான் லெப்பாஸில் சிப் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்து பத்தொன்பது வருடங்கள் ஆகியிருந்தன. அதில் பதினான்கு வருடம் ‘பர்ன்-இன்’ அறையில். புதுச் சிப்புகளைப் பலகைகளில் பொருத்தி, ஆளுயர மின்அடுப்புக்குள் தள்ளி, நூற்றிருபத்தைந்து டிகிரிச் சூட்டில், வழக்கத்தைவிடக் கூடுதல் வோல்டேஜில் மணிக்கணக்காக ஓடவிடுவதுதான் அங்கே வேலை. அரைமணிக்கு ஒருமுறை சூட்டையும் வோல்டேஜையும் தாளில் எழுத வேண்டும். ஒரு கட்டத்தைக்கூட அவள் காலியாக விட்டதில்லை.

தம்பி குலசேகரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மட்டும் அவளுக்கு நிறுத்தத் தெரியாது. 1998இல் அவன் கம்ப்யூட்டர் வரைகலை டிப்ளோமாவின் கடைசிப் பருவத்தில் இருந்தான். பினாங்கு மலை ரயில் அடிவாரத்திலிருந்து உச்சி நிலையம் வரை ஏறுவதை நாற்பத்தெட்டு வினாடிப் படமாகச் செய்திருந்தான். ரயில், தண்டவாளம், மரங்கள் எல்லாம் தயார். ஆனால் கம்ப்யூட்டர் அவற்றை ஒவ்வொன்றாக, ஆயிரத்து இருநூறு படங்களாக வரைந்து முடிக்க வேண்டும். திங்கள் காலை ஒன்பது மணிக்கு ஒப்படைக்காவிட்டால் அந்த வருடமே வீண்.

முந்நூறு மெகாஹெர்ட்ஸ் பிராசசர் ஒரு படத்துக்கு மூன்று நிமிடம் எடுத்தது. மொத்தம் அறுபது மணி நேரம். அவ்வளவு நேரம் இல்லை. அதையே நானூற்றைம்பதில் ஓட்டினால் படத்துக்கு இரண்டு நிமிடம்தான். சிப்புக்கு வோல்டேஜைக் கூட்டி அப்படித்தான் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை காலை பசாரிலிருந்து ரைபிள் ரேஞ்ச் பகுதியில் இருந்த தங்கள் அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பிய தவமணி, திரையில் பாதி ரயில் அசையாமல் நிற்பதைப் பார்த்தாள்.

“என்னடா, மறுபடியும் ஹேங்கா?”

“ஆமாக்கா. இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் ஏத்தினா ஹேங் ஆகாம ஓடும். இப்ப ரெண்டு புள்ளி நாலு.”

“ஒரிஜினல் எவ்வளவு?”

“ரெண்டு.”

“சூடு?”

“எழுபத்தெட்டு. பயப்படாதீங்கலா. உங்க அடுப்புல நூத்தி இருபத்தஞ்சுல ஓடுது, வோல்டேஜும் கூட, சிப்பு ஜம்முனு வெளிய வருதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

சொல்லியிருந்தாள். தீபாவளிக்கு வந்தவர்கள் முன்னால், அவன் கேட்கக் கேட்க, பெருமையாகத்தான் சொல்லியிருந்தாள். பாதியை மட்டும். காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அந்த அடுப்பு எதுக்குடா? சீக்கிரம் சாகப்போற சிப்பு வாங்கினவன் வீட்ல சாகாம, எங்ககிட்டயே சாகட்டும்னுதான். செத்தத தட்டு தட்டா எடுத்துப் போடுறோம். நல்லதையும் குறிச்ச நேரத்துக்கு மேல உள்ள விடமாட்டோம், ஆயுசு குறைஞ்சிரும். நீ நாப்பது மணி நேரம் ஓட்டப்போற.”

அவள் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்துக்கொண்டாள்.

“எந்த வோல்டேஜ்ல எவ்வளவு நேரம் ஹேங் ஆகாம ஓடுச்சு? ஒவ்வொண்ணா சொல்லு.”

அவன் யோசித்து யோசித்துச் சொல்ல, அவள் எழுதினாள். இரண்டு புள்ளி ஒன்றில் ஐம்பது நிமிடம். இரண்டு புள்ளி இரண்டில் இரண்டு மணி நேரம், ஹேங் ஆனபோது சூடு அறுபத்து நான்கு. இரண்டு புள்ளி மூன்றில் நாற்பது நிமிடம். இரண்டு புள்ளி நான்கில் பதினொரு நிமிடம்தான்.

“பாத்தியா? ரெண்டு புள்ளி ரெண்டுக்கு மேல வோல்டேஜ் உனக்கு உதவி செய்யல. சூட்டைத்தான் ஏத்துது. சிப்பு மேல இருக்கிற அந்த விசிறியைக் கழட்டு.”

விசிறியோடு, சிப்பின் சூட்டை இழுக்கும் அலுமினியத் தட்டும் கழன்று வந்தது. அடியில், சிப்பிலிருந்து தட்டுக்குச் சூட்டைக் கடத்தும் வெள்ளைப் பசை தடித்துக் கிடந்தது.

“என்னடா இது, ரொட்டிக்குக் காயா ஜாம் அப்பின மாதிரி!”

“நிறைய போட்டா நல்லா குளிரும்னு...”

“சூடு பசையைத் தாண்டில்ல தட்டுக்குப் போகணும்? கண்ணுக்குத் தெரியாத பள்ளம் நிரம்பினா போதும்.”

எல்லாவற்றையும் துடைத்து, பச்சரிசி அளவு பசை வைத்து மறுபடி பொருத்தினார்கள். வோல்டேஜ் இரண்டு புள்ளி இரண்டு. வேறு எதையும் தொடாமல் ஒரு மணி நேரம் சோதனை. சூடு ஐம்பத்து நான்கிலேயே நின்றது. தவமணி தாளில் கோடு போட்டு எழுதினாள்: வோல்டேஜ் இரண்டு புள்ளி இரண்டைத் தாண்டக் கூடாது, சூடு அறுபதைத் தாண்டக் கூடாது. பிற்பகல் மூன்று மணிக்கு வேலை ஆரம்பமானது. இடையில் நிற்காமல் ஓடினால் திங்கள் காலை ஏழு மணிக்கு முடிந்துவிடும்.

ஞாயிறு காலை, தவமணி அரைமணிக்கு ஒருமுறை சூட்டைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு ரொஸ்னா எட்டிப் பார்த்தாள். அவளும் தவமணியோடு அதே அறையில் வேலை செய்கிறவள்.

“வீட்லயும் ஷிப்டாக்கா? ஓவர்டைம் யாரு தர்றா?”

“இவன் சம்பாதிச்சுத் தருவான்.”

“அப்ப நீங்க இலவச சேவைதான்!”

ஆனால் பதினொரு மணிக்கே வெயில் அறையை வாட்டியது. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. பன்னிரண்டு மணிக்கு அறுபத்தொன்று.

“குறைச்சிரு தம்பி. முந்நூறுக்கு.”

“ஒரு டிகிரிக்கா? சிப்பைச் செஞ்சவனே எண்பத்தஞ்சு வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்கான்.”

“அது முந்நூறுல ஓட்டுறதுக்கு. நீ ஓட்டுற வேகத்துக்கு அவன் எங்க சொன்னான்? மீட்டரும் சிப்புக்கு வெளிய ஒட்டியிருக்கு. உள்ள இன்னும் கூடத்தான் இருக்கும்.”

“குறைச்சா முடியாதுக்கா! சாயங்காலம் வரைக்கும்னு வச்சாலும் முப்பது படம் குறையும்.”

அவளும் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தாள். அதே முப்பதுதான். அவன் முகத்தைப் பார்க்கையில் அறுபத்தொன்று பெரிய எண்ணாகத் தெரியவில்லை. இந்த ஒரு நாள் மட்டும் போகட்டும் என்ற சொல் வாய்வரை வந்தது. ஆனால் சிப் போய்விட்டால் முப்பது படம் இல்லை, முழு ரயிலும் போய்விடும்.

“நேத்து நிதானமா இருக்கும்போது எழுதினோம். இன்னைக்குப் பதட்டத்துல மாத்தலாமா? குறைடா.”

அவன் முணுமுணுத்துக்கொண்டே குறைத்தான். மாலை ஆறு மணிக்கு அறை ஆறிய பிறகு மறுபடி ஏற்றினான். அதன்பின் இயந்திரம் ஒருமுறைகூட நிற்கவில்லை. திங்கள் காலை எட்டு மணிக்கு ஆயிரத்து நூற்றெழுபது படங்கள் இருந்தன. படத்தில் ரயில் உச்சி நிலையத்துக்கு ஒரு பெட்டி நீளம் கீழே நின்றுவிட்டது. அதைத்தான் எடுத்துக்கொண்டு போனான்.

மூன்று வாரம் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில், ரொஸ்னா தொலைபேசியைக் கீழே வைத்த கையோடு கேண்டீன் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். “அக்கா! தம்பி பாஸாம்! ரயிலு மேல போய்ச் சேரலன்னு அஞ்சு மார்க்கு குறைச்சுட்டாங்களாம்லா!”

தவமணி சோற்றுப் பொட்டலத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

“ஒரு பெட்டி தூரம்தானே? இறங்கி நடந்துக்கட்டும்.”