ஆடிய முன்பல்

நெஞ்சு ஆபரேஷனுக்கும் வாய்க்கும் சம்பந்தமே இல்லை என்று முட்டாள்தனமாக நம்பியிருந்தேன். அதனால் மயக்க மருந்து டாக்டரம்மா, “பல்லு ஏதாவது ஆடுதா?” என்று கேட்டதும், “இரும்பும்மா!” என்று அளந்துவிட்டேன். பழவேற்காடு ஏரியில் இரண்டு கையாலும் இறால் தடவிப் பிடிக்கும்போது, அதைப் போடும் பறிக்கூடையை முன்பல்லில்தான் கடித்துக்கொள்வோம். பல் போனால் பிழைப்பு போச்சே!

“பொய்யி! பறியக் கட்ச்சி கட்ச்சி ஆடுது மேடம்,” என்று போட்டுக்கொடுத்தாள் என் மனைவி.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “வாய் வழியா மூச்சுக்குழாய்க்கு டியூப் போடுவோம். பல்லு கழண்டு நுரையீரல்ல விழுந்தா?”

“இப்பவே புடுங்குங்க!” என்று கட்டிலிலிருந்து குதித்தேன்.

“இன்னாய்யா, இரும்புன்னியே?” என்றாள் மனைவி.

முதலில் பல்லைப் பிடுங்கினார்கள்; பிறகுதான் ஆபரேஷன். முதுகில் போட்ட மரத்துப்போகும் ஊசியால், நெஞ்சைத் திறந்த இடம் அவ்வளவாக வலிக்கவில்லை. பல் போன இடம்தான் வலித்தது. இப்போது பறியைக் கடைவாயில் கடிக்கிறேன்.