பருப்பு அவியுமட்டும்

போன சனிக்கிழமை சூரிச்சின் ஓர்லிகோனில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மைசூர்ப் பருப்புப் பாக்கெட் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். எனக்கு எதையும் திருப்பிப் பார்க்கும் வியாதி உண்டு. காலாவதித் திகதி, எந்த நாட்டிலிருந்து வந்தது, உள்ளே வேறென்ன கலந்திருக்கிறது, எல்லாம் பார்த்தால்தான் மனம் ஆறும். பாக்கெட்டின் பின்பக்கத்தில், பருப்பு அவிய எவ்வளவு நேரம் எடுக்கும் என்று மூன்று மொழியில் எழுதியிருந்தார்கள். பன்னிரண்டு நிமிடம். அந்த இடத்திலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தள்ளுவண்டியோடு வந்த ஒரு வயதான பெண் ‘எக்ஸ்கியூசி’ என்று சொல்லி, என்னைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார்.

எங்கள் வீட்டில் பருப்பு அவிய ஒரு மணித்தியாலம் எடுத்த காலம் ஒன்று இருந்தது. பருப்பில் குறை இல்லை. அம்மா பொய் சொன்னார், அதனால் எடுத்தது.

நான் சின்னவளாக இருந்தபோது, குளிர்காலம் தொடங்கினால் அப்பா எங்கடின் பள்ளத்தாக்குப் பக்கம் போய்விடுவார். அங்கே ஒரு மலைக் கிராமத்தில் பெரிய ஹோட்டல். அதில் அவருக்குக் கசரோலியே வேலை. கேட்டால் ஏதோ பெரிய பதவி மாதிரி இருக்கும், ஆனால் சட்டி கழுவுகிறவர் என்பதுதான் அர்த்தம். இது தெரியாமல் நான் வகுப்பில் எழுந்து நின்று, தகப்பனின் தொழிலைக் கேட்ட ஆசிரியைக்கு நிமிர்ந்து பதில் சொன்னேன். அவர் நல்ல மனுசி, ‘முக்கியமான வேலை’ என்று சொல்லி இருக்கச் சொன்னார். பனிச்சறுக்குக்காரர்கள் மலையை விட்டு இறங்கும்வரைக்கும் அப்பா வரமாட்டார். ஓர்லிகோன் வீட்டில் அம்மாவும் நானும் தம்பியும்தான்.

ஹோட்டல் சமையலறைகளில் மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவே ஓர் இடைவேளை உண்டு. சிம்மர்ஸ்துண்டே என்பார்கள். மற்றவர்கள் நித்திரை கொள்வார்கள், அப்பா தினமும் எங்களுக்கு ஃபோன் எடுப்பார். வேலைக்காரர்களுக்கென்று நடையில் சுவரோடு மாட்டியிருந்த ஒற்றை ஃபோன் அது. அவருக்குப் பின்னால் எப்போதும் ஒரு போர்த்துக்கல்காரர் காத்து நிற்பார் என்று அப்பா சொல்லியிருந்தார். அந்த மனிதரை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஆனாலும் எங்கள் பேச்சுக்கு நடுவே அவர் கால் மாற்றி நிற்பதை நினைத்து எனக்குப் பதற்றமாக இருக்கும். மரியாதைக்காக அப்பா தனக்குத்தானே ஒரு எல்லை போட்டுக்கொண்டார்.

“பருப்பை அடுப்பில வையும். அது அவியுமட்டும் கதைப்பம்,” என்பார்.

அம்மா பருப்பைக் கழுவி, வெங்காயமும் பச்சை மிளகாயும் நாலு பல்லு உள்ளியும் மஞ்சளும் போட்டு அடுப்பில் வைப்பார். கொதி வரும்போது எழும் அந்த மஞ்சளும் உள்ளியும் கலந்த வாசம் இன்றைக்கும் என் மூக்கில் பட்டால் காது தானாக ஃபோன் மணியைத் தேடும். வெட்கக்கேடுதான். மணி அடிக்கிற ஃபோன் இப்போது யார் வீட்டில் இருக்கிறது?

கதைப்பம் என்று அப்பா சொன்னாரே தவிர, அவர்களுக்குக் கதைக்கத் தெரியாது. “சாப்பிட்டனீங்களோ?” “ஓம். பிள்ளையள் சாப்பிட்டதுகளோ?” “ஓம். அங்க குளிரோ?” “குளிர்தான்.” அதோடு முடிந்துவிடும். பிறகு இரண்டு பேரும் ஒருவர் மூச்சு விடுவதை மற்றவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் அந்தச் சங்கடத்தில், அம்மா தான் வாசித்துக்கொண்டிருந்த நாவலைப் பற்றி ஏதோ சொன்னார்.

“அதை எனக்கும் வாசியுமன்,” என்றார் அப்பா.

அப்படித்தான் தொடங்கியது. சூரிச் நகரத்துக்குள் தமிழ்க் கடை ஒன்று இருந்தது. அரிசியும் வீடியோ கஸெட்டும் ஒன்றாக விற்ற கடை. மீன் பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப் பெட்டி நிறையப் பழைய இந்திய நாவல்கள் கிடக்கும். எல்லாப் புத்தகத்திலும் கருவாட்டு வாசம் அடிக்கும். அம்மா கொண்டுவந்தது தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரிய குடும்பம் ஒன்றின் கதை. கதாநாயகியின் தம்பி பட்டாபி, இரண்டு நாள் தங்க வந்து வருசக்கணக்கில் அந்த வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டிருப்பான். அக்காவின் நகைகளில் அவனுக்குக் கண். அம்மா அந்த அக்கிரகாரத்துப் பேச்சை எல்லாம் யாழ்ப்பாண உச்சரிப்பில் வாசிப்பார். பட்டாபி பருத்தித்துறைக்காரன் மாதிரித்தான் எங்களுக்குக் கேட்கும்.

அப்பாவுக்கு அவனைக் கண்ணிலே காட்டக் கூடாது. “அவன் இன்னும் அங்கதான் இருக்கிறானோ?” என்று கேட்டுவிட்டுத்தான் எங்கள் சுகத்தையே விசாரிப்பார். “சட்டி தேய்க்கேக்க அவனை நினைச்சால் கை தானா வேகமா ஓடுது,” என்று ஒருதடவை சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் அவர் கேட்பார், “பருப்பு அவிஞ்சிட்டுதோ?”

“இன்னும் அவியேல்லை,” என்பார் அம்மா. அடுப்படியில் நிற்கும் எனக்குக் கையால் சைகை வரும், தண்ணீர் விடு என்று. நான் விடுவேன். இன்னொரு அத்தியாயம் ஓடும். மறுபடி சைகை வரும். சில நாள் பருப்பு ரசம் மாதிரி ஓடும், சில நாள் அடிப்பிடித்துக் கரிந்துவிடும். நாங்கள் அப்படியே தின்றோம். ஹோட்டல் சமையலறையில் நிற்கிற மனிதருக்குப் பருப்பு எவ்வளவு நேரத்தில் அவியும் என்று தெரியாதா என்ன? அவரும் ஒருநாளும் அதைக் கேட்கவில்லை. பாவம் அந்தப் போர்த்துக்கல்காரர்.

ஒரு குளிர்காலம் பனி நிற்காமல் கொட்டியது. பட்டாபி நகைப் பெட்டியோடு இரவு ரயில் ஏறிய இடத்தில் அம்மா நிறுத்தியிருந்தார். அடுத்த நாள் ஃபோன் வரவில்லை. அம்மா பருப்பை வைத்து, புத்தகத்தை மடியில் விரித்து, காத்திருந்தார். பருப்பு அவிந்தது. நான் தண்ணீர் விட்டேன். கடைசியில் அம்மாவே எழுந்துவந்து அடுப்பை நிறுத்தினார். ஹோட்டல் இலக்கத்துக்கு எடுத்துப் பார்த்தோம், ஒரே மாதிரியான ஒரு இரைச்சல்தான் கேட்டது.

வானொலிச் செய்தியை அம்மாவுக்குச் சொல்வது என் வேலை. பனிச்சரிவு என்ற தமிழ்ச் சொல் அப்போது எனக்குத் தெரியாது. “மலையில இருந்து பனி விழுகுதாம். ரயில் பாதை பூட்டிப்போட்டாங்களாம். ஒரு ஊருக்கும் போகேலாதாம்,” என்றேன்.

“எந்த மலையில?”

“அது சொல்லேல்லை.”

“வடிவாக் கேள் பிள்ளை. எந்த மலையெண்டு சொல்லுவாங்கள்.”

நான் வானொலிக்கு முன்னால் அசையாமல் இருந்தேன். அந்த ஊரின் பெயர் வந்துவிடுமோ என்று பயம், வராமலே போய்விடுமோ என்றும் பயம். இன்றைக்கும் செய்தி வாசிப்பவர் குரலைத் தாழ்த்தினால் எனக்கு அதே பயம் வரும்.

மேல் மாடியில் இருந்த ராசன் அண்ணை விசயம் கேள்விப்பட்டு ஆறுதல் சொல்ல வந்தார். ட்ராம் கழுவும் வேலை செய்கிற நல்ல மனுசர், ஆனால் ஆறுதல் சொல்லத் தெரியாது. “பயப்பிடாதேங்கோ தங்கச்சி. அங்க ஹோட்டலெல்லாம் கல்லுக் கட்டடம். வேலைக்காரர் படுக்கிற பக்கம்தான் பலகை,” என்றார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். நெடுநேரம் தண்ணீர் ஓடியது.

அதற்கடுத்த நாளும் ஃபோன் வரவில்லை. அம்மா அலுவலகம் துப்புரவாக்கும் வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு ஃபோனுக்குப் பக்கத்திலேயே இருந்தார். தம்பிக்குப் பட்டாபி என்ன ஆனான் என்று அறியும் அவசரம். புத்தகத்தை எடுத்து அடுத்த பக்கத்தைப் புரட்டினான். அம்மா பாய்ந்துவந்து பறித்தார். அவர் அப்படிப் பாய்ந்து நான் கண்டதில்லை.

“அப்பா கேட்ட இடத்தைத் தாண்டப்படாது.”

“ஏன்?”

“தாண்டப்படாதெண்டால் தாண்டப்படாது.”

நாள் நட்சத்திரம் எதுவும் பார்க்காத மனுசி அவர். பூனை குறுக்கே போனால் பூனைக்கு என்ன அவசரமோ என்று கேட்பவர். ஆனால் அன்றைக்கு, அப்பா இல்லாமல் ஒரு பக்கம் முன்னே போனால் அப்பாவை அங்கேயே விட்டுவிட்டு வந்ததாகிவிடும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வழக்கமான நேரத்துக்குப் பருப்பை அடுப்பில் வைத்தார். புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்தார். அப்பா முன்பே கேட்ட அத்தியாயங்களை, ஒலிக்காத ஃபோனுக்கு முன்னால் இருந்து, உரத்து வாசிக்கத் தொடங்கினார். பட்டாபி மறுபடியும் பெட்டியோடு வாசலில் வந்து நின்றான், இரண்டு நாள்தான் தங்குவேன் என்றான். குரல் எங்கும் உடையவில்லை. அதைக் கேட்கத்தான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது.

ஃபோன் வந்தது ஒரு காலையில், நாங்கள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும்போது.

“நான்தான். லைன் அறுந்து போச்சு. சுகமாத்தான் இருக்கிறன்.”

“சாப்பிட்டனீங்களோ?” என்றார் அம்மா.

“ஓம். இஞ்சேரும், அவன் பிடிபட்டிட்டானோ?”

“தெரியாது. நாங்கள் வாசிக்கேல்லை.”

ரிசீவருக்கு இரண்டு பக்கமும் நாங்கள் காதை ஒட்டிக்கொண்டு நின்றோம். மறுபக்கத்தில் ஒன்றும் கேட்கவில்லை. லைன் மறுபடி அறுந்துவிட்டதாக நினைத்து நான் அழத் தொடங்கினேன். பிறகு அப்பாவின் குரல் வந்தது, வேறு யாருடையதோ போல.

“இந்த முறையோட காணும். நான் வீட்டை வாறன்.”

சொன்னபடியே வந்தார். ஓர்லிகோனிலேயே ஒரு வேலை தேடிக்கொண்டார், மலைப் பக்கம் பிறகு போகவே இல்லை. அவர் வந்த கிழமையே அம்மா புத்தகத்தைக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அந்தக் கடையும் இப்போது இல்லை, அங்கே கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள். என் கணவர் வேலை விசயமாக பேர்னுக்குப் போனால், அவர் வரும் ரயில் எந்த ஊரைத் தாண்டுகிறது என்று என் கைப்பேசியில் ஒரு நீலப் புள்ளி காட்டுகிறது. அந்தப் புள்ளி கொஞ்சம் நின்றாலும் செய்கிற வேலையை அப்படியே விட்டுவிடுகிறேன். வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிரச் செய்வதற்கு ஒன்றுமில்லை.

பருப்பு வாங்கிய அன்றைக்கே அம்மா வீட்டுக்குப் போனேன். அப்பா சோபாவில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மேசையில் தன் கைப்பேசியில் வேறொரு சீரியல்.

“அம்மா, அந்த நாவலில பட்டாபி கடைசியில பிடிபட்டானோ?”

அம்மா தலை நிமிர்ந்தார். அவருக்கு ஞாபகம் வர வெகுநேரம் எடுக்கவில்லை.

“ஆருக்குத் தெரியும். கொப்பர் வீட்டை வந்திட்டார், பிறகென்னத்துக்கு வாசிக்கிறது?”

சொல்லிவிட்டுக் கைப்பேசிக்குத் திரும்பினார். அப்பாவுக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் பத்திரமாக வந்து சேர்ந்து எத்தனையோ வருசமாகிவிட்டது. அம்மா அவருக்கு ஒரு வரியாவது வாசித்துக் காட்டியதை அதன் பிறகு நான் கண்டதில்லை.