உடம்பு சொன்னது

வார்டில் எல்லோரும் அவளைக் கடுகு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டென்று வெடிப்பாள். நர்ஸ் வேலைக்கு வந்தபோது நிமிர்ந்து பேசத் தெரியாத பெண். அந்த ஆஸ்பத்திரிதான் அவளை இப்படி வறுத்து எடுத்தது.

நான்கு பேர் பார்த்த வார்டை இப்போது இரண்டு பேர் பார்க்கிறார்கள். கழிப்பறைக்குப் போகலாமென்றால் மாற்றிவிட நாதி இல்லை. தண்ணீர் குடித்தால்தானே வம்பு என்று அவள் குடிப்பதையே விட்டாள். சிறுநீர்த் தொற்று வந்து இரண்டு முறை காய்ச்சலில் படுத்தாள். "இன்னொரு தடவை வந்தா கிட்னியில போய் நிக்கும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்னும் ஒரு ஆள் போடுங்கள் என்று கண்காணிப்பாளரிடம் கேட்டுக் கேட்டு நாக்கு வறண்டதுதான் மிச்சம். அந்த மனிதர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஆளுக்குப் பதிலாக அவர் அனுப்பியது ஒரு தியான ஆசிரியரை. ஊழியர் நலனாம்! அதுவும் சாப்பாட்டு நேரத்தில், வார்டுக்கு ஒருத்தியை வரச் சொல்லி, ஓய்வறையில் இருந்த ஒரே கட்டிலையும் தூக்கிவிட்டுப் பாய் விரித்து.

ஆசிரியர் சட்டை கசங்காமல் உட்கார்ந்திருந்தார். "கண்ணை மூடுங்க. உங்க உடம்பு என்ன சொல்லுதுன்னு கேளுங்க."

கடுகு அக்கா கேட்டாள். அடிவயிறு கல்லாகக் கனத்தது. எழுந்தாள்.

"எங்கம்மா போறீங்க?"

"ஒன்னுக்கு."

"அந்த உணர்வைச் சும்மா கவனிங்க. வரும், தானா போயிடும்."

"போகாது சார். இங்கயே வந்துடும். காலையில வீட்டுல போனது."

பக்கத்துப் பாயில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். சிரித்தவளே எழுந்தாள். "எனக்கும்தான்க்கா." பிறகு பாய் பாயாகக் காலியானது. ஆசிரியர் மட்டும் சின்ன மணியைக் கையில் பிடித்தபடி மிச்சமிருந்தார்.

நடைபாதையில் இருந்த ஒற்றைக் கழிப்பறை முன்னால் வரிசை நின்றது. கண்காணிப்பாளர் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். "என்ன கூத்து இது? எல்லாரும் இங்க நின்னா வார்டுல யாரு?"

"பாயில உக்கார வச்சப்ப இந்தக் கேள்வி வரலையா சார்?" என்றாள் கடுகு அக்கா. "இத்தனை வருஷமா நான் உங்ககிட்ட கேட்டதும் இதேதான். வார்டுல யாரு?"

அவர் வாயைத் திறப்பதற்குள் வார்டில் நோயாளி ஒருவர் மணியை அழுத்தினார். விடாமல் அழுத்தினார்.

"அங்க ஒருத்திதான் அல்லாடிட்டிருக்கா. போங்க சார், நீங்க போய் ஒரு கை குடுங்க."

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். வெளியே மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அவசரப்படவில்லை.