போடுவதற்கு மூன்று சொல்

கட்டிலில் உட்கார்ந்திருந்த மகனின் காலில் அம்மா சாக்ஸ் மாட்டினாள். இருவரும் சேர்ந்து படித்த கடைசி வீட்டுப்பாடம் அதுதான்.

"ஹாக்கு," என்றாள். ஜப்பானிய மொழியில் இடுப்புக்குக் கீழே போடுவதற்கு அந்தச் சொல். சட்டைக்குக் 'கிரு'. தொப்பிக்குக் 'கபுரு'.

"நமக்கு 'போடு' ஒண்ணே போதும். சட்டை போடுறோம், செருப்பு போடுறோம், சண்டையும் போடுறோம். அவங்களுக்கு மட்டும் என்னடா கேடு?"

"பேச்சை விடும்மா. மறுபடி சொல்லு."

மருத்துவமனையில் நோயாளிகளுக்கு உடுப்பு மாற்றிவிடும் ஆயா அவள். அந்த மருத்துவமனையை மூடப்போகிறார்கள். அவள் வயதுக்கு வேறெங்கும் வேலையில்லை. மென்பொருளில் பிழை தேடிக்கொண்டிருந்த மகனையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஜப்பானில் முதியோரைப் பார்த்துக்கொள்ள வயது பார்க்காமல் ஆள் எடுக்கும் நிறுவனம் ஒன்றுதான் மிச்சம். அதன் மொழித் தேர்வில் அம்மா ஏற்கெனவே இரண்டு முறை தோற்றுவிட்டாள். இன்று மூன்றாவது. இதோடு கதவைச் சாத்திவிடுவார்கள்.

அம்மாவின் பிழையை மகன் அன்றுதான் கண்டுபிடித்தான். துணியைத் தொட்டால் சொல் வருகிறது. படத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

மத்தியானம் கணினித் திரையில் தேர்வாளர் ஒரு படத்தைக் காட்டினார். ஒருவன் ஷூ போடுகிறான். அம்மா விழித்தாள். "கிரு... கபுரு..." நெற்றியெல்லாம் வியர்வை. மகன் மேசைக்கடியில் காலை நீட்டினான். குனிந்து பிடித்தாள். "ஹாக்கு!"

"கீழே என்ன பேப்பர் வச்சிருக்கீங்க?"

"பேப்பர் இல்லைங்க மேடம், என் பையன்." காலை அப்படியே தூக்கிக் கேமராவுக்குக் காட்டினாள்.

"பக்கத்துல ஆள் இருக்கக் கூடாது. இந்தத் தேர்வு செல்லாது."

"கையில துணியைக் குடுத்துப் பாருங்க, எல்லாம் சொல்றேன். இதை விட்டா எங்களுக்கு வேற போக்கே இல்லைங்க." மகன் அவள் கெஞ்சிப் பார்த்ததேயில்லை.

தேர்வாளர் கொஞ்சம் யோசித்தார். "நாளைக்கு நேர்ல வாங்க. உடுப்பு மாட்டிக் காட்ட ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க. சொந்தக்காரங்க வேணாம்."

அம்மா வேலைக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவை வாசலில் பார்த்தாள். "அக்கா, ராத்திரி வந்து உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்!" என்று ஓட்டமாக ஓடினாள்.

சாயங்காலம் ஒரு நோயாளிக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். அத்தனை டாக்டர்கள் இருந்தும் பிழைக்கவில்லை.

மறுநாள் தையல்காரம்மா மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்கிட்ட ஏதோ கேக்கணும்னு சொன்னாளேப்பா. என்னவாம்?"

சொன்னான்.

"அடிப்பாவி, நேத்து வாசல்லயே கேக்குறதுக்கு என்ன," என்றார். "வந்திருப்பேனே."