அண்ணன் வாழ்ந்த ஊர் துபாய் அல்ல

முதலாம் ஆண்டு நினைவு ஜெபத்துக்கு துபாயின் அல் குசைஸுக்கு வந்து, இந்நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அட்டையில் "துபாயில் பணியாற்றியவர்" என்று போட்டிருப்பது பொய். அப்படிப் போடச் சொன்னவர் எங்கள் தாய்மாமா. பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது. இக்கட்டுரையை அவருக்குக் காட்டாமல் நேரே அச்சகத்துக்கு அனுப்பினேன்.

அண்ணன் பிறந்தது குளச்சல் பக்கத்துக் கடற்கரையில். அப்பா கடலோடு போனபின் தம் படிப்பை நிறுத்திவிட்டு என்னை நர்ஸ் ஆக்கினார். அல் குசைஸ் தொழிலாளர் கேம்பில் ஏசி மெக்கானிக்காக ஆறு ஆண்டுகள் இருந்தது உண்மைதான். கடைசிப் பதினோரு ஆண்டுகள் அவர் வாழ்ந்தது இஸ்ரேலில், கொச்சியிலிருந்து போன யூதர்கள் உருவாக்கிய சிறு கூட்டுறவு விவசாயக் கிராமத்தில்.

அவர்களுக்குக் கிடைத்தது வெறும் கல்லுக்காடாம். வீட்டுக்கு வீடு தனி நிலம். தண்ணீரும் டிராக்டரும் விற்பனையும் பொது. அங்கே ஒரு மூதாட்டியைப் பராமரிக்கத்தான் அண்ணன் போனார். முதுமையில் அந்த அம்மாவுக்கு மற்ற மொழிகள் மறந்து மலையாளம் மட்டும் மிஞ்சியது. அவர் பேசுவதைப் பெற்ற பிள்ளைகளுக்கே மலையாளம் தெரிந்த அண்ணன்தான் எடுத்துச் சொன்னார்.

"அம்மச்சி இன்னைக்கும் மீன்கறில புளி பத்தலன்னு ஏசிச்சு பிள்ளே," என்று போனில் சிரிப்பார்.

அவர்கள் வீட்டுக் குடைமிளகாய்த் தோட்டத்தையும் அவரே பார்த்தார். அங்கேயே மாரடைப்பில் விழுந்தார்.

அந்த நாட்டுக் குடைமிளகாயைத் தம் துபாய்க் கடையில் முன்வரிசையில் அடுக்கி விற்கும் மாமா என்னிடம் சொன்னார்: "ஊர்ப் பேரப் போடாத மக்ளே. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. நீ குவைத்துல நிக்கிய. இஸ்ரேல்னாலே அங்க ஆகாது. தெரிஞ்சா ஒன் வேல கலாஸ்."

மாமாவுக்கு மிளகாய் இனிக்கிறது, அதைப் பயிரிட்ட மருமகன் கசக்கிறார்.

என்மீதும் எனக்கு அருவருப்புத்தான். குவைத்தில், ஃபஹாஹீல் ஜெபக்கூட்டத்தில் "துபாய் அண்ணன்" என்றே சொல்லி வந்தேன். அவர் இறந்த அன்றுகூட, அழுதுகொண்டே, "துபாயில் ஹார்ட் அட்டாக்" என்றேன்.

நம்மில் யாரும் மூன்றாம் நாளுக்குமேல் அவருக்காக உட்காரவில்லை. அந்த அம்மா, பெற்ற பிள்ளைக்குச் செய்யும் தங்கள் துக்க வழக்கப்படி, வாசலைத் திறந்துவைத்து ஏழு நாள் தாழ்ந்த பலகையில் உட்கார்ந்திருந்தார். தோட்ட வேலையை நிறுத்திவிட்டு ஊரே வந்து அவருடன் இருந்ததாம். அந்த அம்மாவுக்கும் அந்த ஊருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நாளை டியூட்டிக்காக ஃபஹாஹீல் திரும்புகிறேன். இம்மலரின் ஒரு பிரதியைக்கூட என் பெட்டியில் வைக்கப்போவதில்லை.