வாழ்த்துப் பெட்டிக்குள் போன ஆர்டர்

2006 தீபாவளி சீசனில் நான் வேலை பார்த்த சிவகாசிப் பட்டாசுக் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனித்தவரை எல்லோரும் பாய் என்றே அழைத்தோம். மூக்கு நுனியில் கண்ணாடி, கசங்காத சட்டை. யார் வாழ்த்து அனுப்பினாலும் தனித்தனியாகப் பதில் எழுதுவார்.

கம்ப்யூட்டரில் மெயில் குவியவே, 'தீபாவளி' என்ற சொல் இருப்பவை தானாகவே 'வாழ்த்து' என்ற தனிப் பெட்டிக்குப் போக ஒரு விதி வைத்தார்; வேலை ஓய்ந்ததும் அதைத் திறந்து பதில் எழுதலாம் என்று எண்ணம். ஆர்டர்களைப் பிரிக்கும் விதி அதற்குக் கீழே இருந்தது. மேல் விதி எடுத்ததைக் கீழ் விதி தொடாது. சிவகாசிக்குத் தீபாவளி என்று எழுதாமல் வரும் ஆர்டர் ஏது?

மதுரைக் கடைக்காரர் போனில் கொதித்தார். "என்ன பாய், ஆர்டர் அனுப்பி எம்புட்டு நாளாச்சு! கடையில ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

ஆர்டர் வாழ்த்துப் பெட்டியில் கிடந்தது. அன்றே லோடு ஏற்றினோம். நான் ஆர்டர் விதியை மேலே மாற்றினேன்.

"அப்ப, ஆர்டரோட வாழ்த்தும் சொன்னவுகளுக்கு?" என்றார் பாய்.

"அவுகளுக்குத்தான் லோடு போகுதே!"

"லோடு கம்பெனி அனுப்புது. வாழ்த்துக்கு நான்தானே பதில் போடணும்?"

ஆர்டரின் நகல் வாழ்த்துப் பெட்டிக்கும் போகும்படி வைக்கச் சொன்னார். பிறகு மதுரைக்காரர் ஆர்டரோடு சொல்லியிருந்த வாழ்த்துக்குப் பதில் எழுதினார், பிள்ளைகளைக்கூட விசாரித்திருந்தார். திட்டு வாங்கிய சூடு ஆறுமுன் அவரால் எப்படி முடிந்ததோ, ஒவ்வொரு தீபாவளிக்கும் யோசிக்கிறேன்.