மிதுனத்தில் இல்லாத விண்மீன்

சென்ற வாரம் எதிர்வீட்டுப் பெண் தன் மகளின் நிச்சயதார்த்தத்துப் பழக்கூடை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். பழங்களை எடுத்து அடுக்கிய பிறகு, கூடையைச் சுற்றியிருந்த சிவப்புக் கண்ணாடித்தாள் என் கையில் மிஞ்சியது. அந்தச் சரசரப்பு எனக்குப் பழங்களை நினைவூட்டுவதில்லை. முகத்தில் சிவப்புத்தாளை இரண்டு மடிப்பாகப் போர்த்திய ஒரு டார்ச் விளக்கைத்தான் நினைவூட்டும். யுத்த காலம், ரப்பர் வளையத்துக்குத் தட்டுப்பாடு. ஆகவே பூத்தொடுக்கும் வாழைநாரால் தாளை இறுக்கியிருந்தேன். என் வானியல் நினைவுகள் எல்லாவற்றிலும் மல்லிகை மணம் கொஞ்சம் கலந்திருப்பதற்கு அதுவே காரணம். காவியச் சுவை எதுவும் இல்லை.

நாற்பத்து நான்காம் ஆண்டில் தியாகராய நகரில் ஒரு ரேஷன் அலுவலகத்தில் நான் குமாஸ்தா. எங்கள் பிரிவில் பெண்கள் இருவரே: மயிலாப்பூரிலிருந்து நான், சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து மெஹருன்னிசா. விண்ணப்பங்களைச் சரிபார்த்துக் குடும்ப அட்டை எழுதுவது வேலை. அரிசியும் சர்க்கரையும் அளந்து கிடைத்த அந்நாளில், காலமான தாத்தாக்கள் பலர் விண்ணப்பங்களில் உயிர்த்தெழுந்து ஆளுக்கொரு பங்கு கேட்பார்கள். அவர்களைக் கண்டுபிடித்துக் கோடு போடுவதில் எனக்கு அசாத்தியப் பெருமிதம். அந்தப் பெருமிதத்தைச் சற்று நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

மெஹரின் தந்தை மூக்குக்கண்ணாடிகளும் நில அளவைக் கருவிகளும் பழுதுபார்ப்பவர். கடைக்கு மேல் வீடு. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று நகரமே காலியான வேளையில், கருவிகளை அவரிடம் விட்டுப்போன சிலர் திரும்பவே இல்லை. அப்படித் தங்கிப்போனவற்றில் மூன்றங்குலப் பித்தளைத் தொலைநோக்கிகள் இரண்டு. ஒன்றின் பெட்டி மூடிக்குள் அச்சிட்ட விண்மீன் படங்களும், கடல் கடந்த ஏதோ ஒரு சங்கத்துக்கு அனுப்பவேண்டிய காலிப் படிவங்களும் இருந்தன. காலிப் படிவத்தைக் கண்டால் நிரப்பாமல் இருக்க முடியாதவர்கள் ரேஷன் குமாஸ்தாக்கள். ஒரு குழாயை மெஹர் வைத்துக்கொண்டாள். மற்றதை எனக்கு இரவலாக வாங்கித் தந்தாள்.

படங்களில் எங்களைப் பிடித்துக்கொண்டது மிதுன ராசியில் இருக்கும் ‘யு ஜெமினோரம்’. ‘இருக்கும்’ என்பதே சற்று மிகை. ஏறத்தாழ நூறு நாட்களுக்கு ஒருமுறை, முன்னறிவிப்பின்றி, ஓரிரு நாளில் அது பல மடங்கு ஒளி பெருகி, பத்து நாள் போல நின்று, மீண்டும் மங்கிவிடும். மற்ற நாட்களில் எங்கள் குழாய்களுக்கு எட்டாது. அது ஒரு விண்மீன் அன்று, மிக நெருங்கிச் சுற்றும் இரண்டு, ஒன்று மற்றதன் பொருளைத் தன்பால் இழுத்துக்கொள்வதால்தான் அந்தப் பொங்குதல் என்பதெல்லாம் பிற்காலத்தில் படித்து அறிந்தவை. அன்று எங்களுக்கு அது எப்போது வரும் என்று சொல்லாத விருந்தாளி. “இல்லாத நட்சத்திரத்தைப் பாத்துண்டு நிக்கறதுக்கு, இருக்கற துணியை மடிச்சு வைக்கலாமோல்லியோ” என்பாள் அம்மா. அதிலும் நியாயம் இருந்தது.

முறை எளியது. இருளுக்குப் பழகிய கண் கூசாதிருக்க, சிவப்பு டார்ச் வெளிச்சத்தில்தான் படத்தைப் பார்ப்போம். சுற்றியுள்ள விண்மீன்களுக்குப் படத்தில் எண்கள் உண்டு. எண் கூடினால் ஒளி குறைவு. நம் விண்மீன் தெரிந்தால் எந்த எண்ணோடு ஒத்திருக்கிறது என்று எழுதவேண்டும். தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்று எழுதி, அன்று கண்ணுக்கு எட்டிய மிக மங்கலான அண்டை விண்மீனின் எண்ணைக் குறித்து, ‘அதற்கும் கீழ்’ என்று சேர்க்கவேண்டும். வெறும் இடத்தைப் பார்த்ததற்கும் அங்கே மதிப்பு உண்டு. நாங்கள் இருவரும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். பார்த்ததைப் பற்றி முன்கூட்டிப் பேசுவதில்லை. காலையில் முதல் விண்ணப்பதாரர் வருமுன் இருவர் சீட்டும் மேசையில் கவிழ்ந்து கிடக்கும். ஒரே நேரத்தில் புரட்டுவோம். நாள்தோறும் இரண்டிலும் ‘தெரியவில்லை’. நாள்தோறும் சிரிப்போம்.

இருட்டடிப்புக்கு நான் இன்றும் நன்றியுடையவள். தெருவிளக்குகளுக்குத் தொப்பி மாட்டியிருந்த மயிலாப்பூரில், விளக்கு வைத்த ஒரு மணி நேரத்தில் வானம் தாழ இறங்கி வந்துவிடும். ஒரு மாலை வெளிச்சம் கசிகிறதா என்று எங்கள் பேட்டையைக் கண்காணிக்கும் வார்டன் நாயகம் மாடிப்படியேறி வந்தார். “இன்னாம்மா, செவப்பா இன்னாவோ மின்னிக்கினு கீது? ஜப்பான்காரனுக்கு வழி காட்றியா?” என்றார். பதிலுக்குச் சனியின் வளையத்தைக் காட்டினேன். வெகுநேரம் குனிந்திருந்துவிட்டு, “சனிய இம்மாங் கிட்டத்துல பாத்தேன்னு வூட்ல சொல்லக்கூடாது” என்று இறங்கிப்போனார். அன்றுமுதல் எங்கள் தெருவில் ஒரு ஜன்னலிலும் வெளிச்சம் கசிந்ததில்லை.

தை மாதம் மெஹருக்கு டைபாய்டு கண்டது. மூன்று வாரம். எழுந்து வந்தபோது தலைமுடி பாதி போயிருந்தது. அதைவிடத் தன் பார்வையும் போய்விட்டதோ என்ற பயம் அவளைப் பிடித்திருந்தது. அவள் தாயார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்: கண் பழுதென்றால் தொலைநோக்கியும் வேண்டாம், நாளெல்லாம் எழுதும் உத்தியோகமும் வேண்டாம். மெஹர் அதை என்னிடம் சொல்லிவிட்டு, “உன் சீட்டுதான் எனக்குக் கண் டாக்டர். ரெண்டும் ஒத்துப்போற வரைக்கும் நான் வருவேன்” என்றாள்.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவதன்று. மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. வாரப் பத்திரிகை வந்திருந்தது. அதன் தொடர்கதையில் கதாநாயகி ஒரு கடிதத்தைப் பிரிக்கலாமா கூடாதா என்று நான்கு பக்கம் யோசித்தாள். அவள் பெயர் இன்று மறந்துவிட்டது. நாற்பது நாளாக வராத விண்மீன் இன்றா வரப்போகிறது என்று எண்ணி, படுத்தபடியே சீட்டு எழுதினேன்: ‘தெரியவில்லை, பதினொன்றரைக்கும் கீழ்.’ பார்க்காத வானத்துக்கு மங்கலான விண்மீனையும் நானே கற்பித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை சீட்டுகளைப் புரட்டினோம். அவளுடையதில் ‘ஒன்பது புள்ளி இரண்டு’ என்று இருந்தது.

மெஹர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் சீட்டை நான்காகக் கிழித்து, மைக்கூட்டுக்குப் பின்னால் வைத்தாள். “ஜுரம் கண்ணைக் கொண்டுபோயிடுச்சு. இல்லாததெல்லாம் தெரியுது” என்றாள், மழை வரும்போலிருக்கிறது என்பதுபோல. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பதினொரு பேர் கொண்ட குடும்பத்தின் விண்ணப்பத்தோடு ஒருவர் வந்து நின்றார். அவர் வந்ததை ஒரு சாக்காக ஏற்றுக்கொண்டேன். அன்று இரண்டு தாத்தாக்களைப் பிடித்தேன்.

மாலை மாடியேறுகையில் ஒரு கணம், அவள் கண் தவறியிருக்கட்டும் என்று விரும்பினேன். எழுதக் கூசுகிறது, ஆனாலும் விரும்பினேன். குழாயில் கண்ணை வைத்தேன். படத்தில் சிறு வட்டமிட்ட இடத்தில், நாற்பது நாள் நான் வெறுமையைப் பார்த்துப் பழகிய இடத்தில், அது நின்றது. யாரையும் குற்றம் சொல்லாத, மிகச் சாதாரணமான ஒரு வெண்புள்ளி.

வியாழக்கிழமை மெஹர் அலுவலகம் வரவில்லை. மைக்கூட்டுக்குப் பின்னாலிருந்த நான்கு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு, அரைநாள் விடுப்புச் சொல்லி, மாம்பலத்தில் மின்சார ரயிலேறி எழும்பூரில் இறங்கினேன். கூவத்தைக் கடந்து அவர்கள் தெருவுக்கு நடந்த தூரத்தில் எத்தனையோ வாக்கியங்களைக் கட்டினேன், ஒன்றும் நிற்கவில்லை. கடையில் ஸ்பிரிட்டும் பித்தளையும் கலந்த வாசனை. அவள் தந்தை ஒரு மூக்குக்கண்ணாடிக்குத் திருகு போட்டுக்கொண்டிருந்தார். தாயார் கண் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட ஆயத்தமாக உள்திரைக்குப் பின்னால் நின்றார். மெஹர் குழாயைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“மெஹர், செவ்வாக்கிழமை நான் மாடிக்கே போகலை” என்றேன்.

அவள் நிமிரவில்லை.

“நேத்து போனேன். நிக்கறது. உன் கண் சொன்னதுதான் சரி.”

திரைக்குப் பின்னாலிருந்து, “அப்போ இவ கண்ணு?” என்று தாயார் கேட்டார். தந்தை திருகிலிருந்து பார்வையை எடுக்காமல், “இவ கண்ணு நல்லாத்தான் கீது. கோளாறு அந்தப் பொண்ணுக்கு” என்றார்.

மெஹர் அப்போதுதான் என்னைப் பார்த்தாள். “செத்துப்போன தாத்தாவையெல்லாம் பிடிச்சியே. உசுரோட இருந்ததைச் சாவடிச்சிருக்கே, உன்னை யாரு பிடிக்கிறது?”

துண்டுகளை மேசைமேல் வரிசையாக வைத்தேன். அவள் படிவத்தைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்துப் பேனாவையும் நீட்டினாள். அவளுடைய வரிசையில் ‘ஒன்பது புள்ளி இரண்டு’ என்று எழுதினேன். என் வரிசையில் ‘தெரியவில்லை’ என்பதை அடித்துவிட்டு, ‘பார்க்கவில்லை’ என்று எழுதினேன். பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னாள், போட்டேன். அந்தப் படிவம் கப்பலேறியதா, யுத்தத் தணிக்கைக்காரர் எங்கள் எண்களைச் சங்கேத மொழி என்று கருதிக் கிழித்தாரா என்பது எங்களுக்குத் தெரிந்ததே இல்லை.

அவள் மனவருத்தம் எத்தனை நாள் நீடித்தது என்பதும் தெரியாது. வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது மேசையில் ஒரு சீட்டு கவிழ்ந்து கிடந்தது. என் சீட்டைப் பக்கத்தில் வைத்தேன். புரட்டினோம். என் வாழ்வில் எனக்குக் கிடைத்த மன்னிப்புகளில் அதைவிடச் சுருக்கமானது வேறில்லை. அதைவிடப் பெரியதும் இல்லை.

யுத்தம் முடிந்தது, விளக்குகளின் தொப்பிகள் கழன்றன. நாயகம் சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விறகு விற்கும் தொட்டி வைத்தார். மெஹர் மணமாகி வேலூருக்குப் போனாள். சில ஆண்டுகள் அவள் கடிதங்களுக்குள் ஒரு சீட்டு மடித்திருக்கும், பிறகு சீட்டு நின்றது, பிறகு கடிதமும். இரவல் குழாயை அவள் தந்தையிடம் திருப்பிக் கொடுத்தேன். அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது மோட்டார் உதிரிபாகங்கள் விற்கிறார்கள்.

சிவப்புத்தாளை எறிய மனமில்லை. நேற்று மாலை அதை டார்ச்சில் சுற்றி, பூக்காரியிடம் நார் கேட்டு வாங்கிக் கட்டினேன். அடையாற்றில் எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் மொட்டைமாடிவரை போகாது. கடைசிப் படிகளை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். தெருவிளக்குகளும் விளம்பரப் பலகைகளும் வானத்தைக் காய்ச்சிய பால்போல் வெளுக்க வைத்திருந்தன. மிதுனத்தின் இரட்டையர் மட்டும் நின்றார்கள். அவர்களைச் சுற்றி எவரும் இல்லை. இறங்கி வந்து நாட்குறிப்பில் எழுதினேன்: ‘தெரியவில்லை, எண் இரண்டுக்கும் கீழ்.’

குழாய் இல்லாத கண்ணுக்கு அது எந்நாளும் தெரியப்போவதில்லை. கீழே நாற்காலியில் இருந்தபடியே இந்த வரியை எழுதியிருக்கலாம், பொய்யாகாது. ஆனால் மாடிக்குப் போய்விட்டு வந்துதான் எழுதினேன், மெஹர்.